கவுச் டு 5கே: ஒன்பது வாரம் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது, பத்தாவது வாரம்தான் சிக்கல்

ஓட ஆரம்பிக்கும் பலர் முதல் வாரத்திலேயே நின்றுவிடுவதற்குச் சோம்பல் காரணமல்ல. முதல் நாள் எவ்வளவு ஓட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனதில் இருக்கும் ஆசையின் அளவுக்கு ஓடுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது. மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடக்கிறது. மூன்றாம் நாள் ஷூ வாசலிலேயே இருக்கிறது. ‘கவுச் டு 5கே’ (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் ஓட்டம் வரை) என்ற பயிற்சித் திட்டம் சரியாக இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. “இன்று எவ்வளவு?” என்ற கேள்வியையே உங்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒன்பது வாரம் அந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

இதை 1996-ல் உருவாக்கியவர் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர். பின்னாளில் பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவையான என்.எச்.எஸ். இதை எடுத்துக்கொண்டு, முதலில் ஒலிப்பதிவுகளாகவும் பிறகு செல்போன் செயலியாகவும் இலவசமாகக் கொடுத்தது. இங்கே பேசுவது அந்த என்.எச்.எஸ். வடிவத்தைப் பற்றி. இதே பெயரிலும் இதைப் போன்ற பெயர்களிலும் வேறு செயலிகள் ஏராளம். சிலவற்றுக்குச் சந்தா உண்டு. திட்டத்தின் உயிர் அதன் அட்டவணையில் இருக்கிறது. அது எல்லோருக்கும் இலவசம் என்பதால் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

அட்டவணை இதுதான். வாரத்துக்கு மூன்று ஓட்டம், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே குறைந்தது ஒரு நாள் ஓய்வு, ஆக ஒன்பது வாரத்தில் 27 ஓட்டங்கள். ஒவ்வொன்றும் 5 நிமிட விறுவிறு நடையில் தொடங்கி 5 நிமிட மெதுநடையில் முடியும். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை, அதுவும் ஏறத்தாழ 20 நிமிடம். மூன்றாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, 3 நிமிட ஓட்டம், 3 நிமிட நடை என்று இரண்டு சுற்று. நான்காம் வாரம் 3 நிமிடம் ஓடி 90 விநாடி நடை, 5 நிமிடம் ஓடி இரண்டரை நிமிட நடை, மறுபடி 3 நிமிடம் ஓடி 90 விநாடி நடை, கடைசியில் 5 நிமிட ஓட்டம். ஐந்தாம் வாரத்தில் மூன்று நாளும் மூன்று விதம்: முதல் நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று, இடையிடையே 3 நிமிட நடை, இரண்டாம் நாள் 8 நிமிட ஓட்டம் இரண்டு, நடுவே 5 நிமிட நடை, மூன்றாம் நாள் நடையே இல்லாமல் 20 நிமிடம். ஆறாம் வாரமும் அப்படித்தான். 5, 8, 5 நிமிடங்கள் ஒரு நாள், 10, 10 நிமிடங்கள் ஒரு நாள் (இரண்டிலும் இடையே 3 நிமிட நடை), பிறகு 25 நிமிடம் ஒரே மூச்சில். ஏழாம் வாரம் முழுக்க 25 நிமிடம், எட்டாம் வாரம் 28, ஒன்பதாம் வாரம் 30.

பார்க்க எளிமையாக இருக்கும் இந்த அட்டவணையில் ஓடும் நிமிடங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு 8 நிமிடம். இரண்டாம், மூன்றாம் வாரங்கள் 9 நிமிடம். நான்காம் வாரம் திடீரென்று 16 நிமிடம். இந்தத் திட்டத்தைத் தொடங்கும் எல்லோரும் பயப்படுவது ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளுக்கு, அந்த 20 நிமிட ஓட்டத்துக்கு. ஆனால் அதற்கு முந்தைய ஓட்டத்திலேயே 16 நிமிடம் ஓடியாகிவிட்டது. கூடுவது நான்கு நிமிடம், போவது நடுவிலிருந்த நடை. மூச்சும் மனமும் தடுமாறலாம், கால் அநேகமாகத் தாங்கிவிடும். காலுக்கு உண்மையான சோதனை நான்காம் வாரம்தான், ஏனென்றால் சுமை அங்கே கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி தொடங்குவதற்கு ஏற்ற வாரமும் அதுவே. திட்டத்தில் ஒரு திருத்தம் செய்ய முடியுமென்றால் மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் நடுவே ஒரு படி வைக்கலாம். நீங்களே அதை வைத்துக்கொள்ளலாம்: மூன்றாம் வாரத்தின் சுற்றை இரண்டுக்குப் பதில் மூன்றாக்கி ஒரு வாரம் ஓடுங்கள். பதின்மூன்றரை நிமிடம் வரும். 9-லிருந்து 16-க்குத் தாவுவதைவிட இது எவ்வளவோ மேல். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் உடல் எடை அதிகமுள்ளவர்களும் இந்தக் கூடுதல் வாரத்தைக் கட்டாயமாகவே வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பின்னால் உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பலப்படும், அதற்கு மாதங்கள் ஆகும். மூன்றாம் வாரம் முடியும்போது “இன்னும் ஓடலாமே” என்று தோன்றுவது மூச்சு சொல்லும் பேச்சு. கால் அந்த அளவுக்கு இன்னும் தயாராகவில்லை. ஓய்வு நாளைத் தின்றுவிட்டுத் தினமும் ஓடுகிறவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். ஓய்வு நாளில் நடக்கலாம், நீந்தலாம், மிதிவண்டி ஓட்டலாம். ஓட மட்டும் கூடாது.

இனி செயலி. பேச்சுத்துணைக்கு ஒரு பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கலாம். நகைச்சுவைக் கலைஞர் சாரா மில்லிகன், சஞ்ஜீவ் கோலி, வானொலித் தொகுப்பாளர் ஜோ வைலி, ஒலிம்பிக் ஓட்ட வீரர் மைக்கேல் ஜான்சன் ஆகியோரின் குரல்கள் இதில் இடம்பெற்றிருக்கின்றன. எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்க வேண்டும், இன்னும் எத்தனை விநாடி என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே வரும். உங்கள் செல்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். பாதி நேரம் ஆனதும் மணி அடிக்கும். சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் நேர்கோட்டுச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு எங்கே திரும்பினால் வீட்டு வாசலில் வந்து முடியும் என்பதை அந்த மணிதான் சொல்கிறது. முடித்த ஓட்டம் ஒவ்வொன்றும் திரையில் குறிக்கப்படும்.

குறை என்று பார்த்தால் மொழிதான் முதலில். எல்லாம் ஆங்கிலம், அதுவும் பிரிட்டனின் வெவ்வேறு வட்டார உச்சரிப்பு. மூச்சு வாங்கும் நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது எல்லோராலும் ஆகாது. வீட்டில் அம்மாவையோ மாமனாரையோ ஓடவைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. செல்போனில் உள்ள ஒலிப்பதிவுக் கருவியைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நீங்களே பதிவு செய்துவிடுங்கள். தொடக்கத்தில் “வேகமா நடங்க”, 5 நிமிடத்தில் “இப்ப மெதுவா ஓடுங்க”, 6 நிமிடத்தில் “போதும், நடங்க”, ஏழரை நிமிடத்தில் மறுபடி “ஓடுங்க” என்று எட்டு முறை. நடுவிலே பேசாமல் விட்டாலும் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும். முதல் நான்கு வாரத்துக்கு வாரம் ஒரு பதிவு, ஐந்தாம், ஆறாம் வாரங்களில் நடை கலந்த நாட்களுக்குத் தனித்தனியாக நான்கு. எல்லாம் சேர்த்து எட்டுப் பதிவு போதும். அதன் பிறகு நடையே இல்லை என்பதால் சாதாரணக் கடிகாரம் போதும். பேத்தியின் குரலுக்குக் கட்டுப்பட்டு ஓடுகிற தாத்தாவுக்கு ஒலிம்பிக் வீரரின் குரல் தேவைப்படாது.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. நிமிடம் எத்தனை என்று இந்தத் திட்டம் துல்லியமாகச் சொல்கிறது, வேகத்தை உங்களிடமே விட்டுவிடுகிறது. அநேகத் தோல்விகள் வேகத்தில்தான் நடக்கின்றன. 60 விநாடி என்றதும் பேருந்தைப் பிடிக்கப் போகிறவர்போல ஓடுகிறார்கள். எட்டு முறையில் மூன்றாவது முறையே நாக்கு வெளியே வந்துவிடும். சரியான வேகத்துக்கு அளவுகோல் உங்கள் பேச்சு. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சுக்கு நிறுத்தாமல் சொல்ல முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று நடந்தே உங்களைத் தாண்டிப் போகிறார் என்றாலும் பரவாயில்லை, அந்த வேகம்தான் முதல் மாதத்துக்குரியது. அடியைச் சின்னதாக வையுங்கள். பாதம் உடலுக்கு நேர் கீழே விழ வேண்டும். காலை முன்னால் நீட்டிக் குதிகாலில் குத்தினால் அந்த அதிர்ச்சி முழங்காலுக்குத்தான் போகும்.

ஷூ விஷயத்தில் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும், விலையை அல்ல. ஓடும்போது பாதம் முன்னுக்குச் சரியும். அதனால் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடைக்கு மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவே சரி. ஓடும்போது போடப்போகும் சாக்ஸையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். கேன்வாஸ் ஷூவும், தட்டையான அடிப்பாகம் கொண்ட அலங்கார ஷூவும் இதற்கு ஆகாது. 27 ஓட்டத்துக்கும் சேர்த்துப் போகும் தூரம் 100 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். நல்ல ஓட்ட ஷூ அதைப்போலப் பல மடங்கு தாங்கும். எனவே ஒரு ஜோடி போதும். பெண்கள் விளையாட்டுக்கான உள்ளாடை வாங்குவதை ஷூவுக்கு இணையான செலவாகவே நினைக்க வேண்டும். அசௌகரியம் காரணமாகப் பெண்கள் ஓட்டத்தை விடுவதற்கு அது இல்லாததும் ஒரு காரணம், ஆனால் இதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

வலி வந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழுள்ள அந்த முன்பக்க எலும்பின் உட்பக்கம் நீளவாக்கில் பரவலாக வலித்தால் அது சுமை கூடிப்போனதன் அறிகுறி. நடக்கும்போது வலி முற்றாக நிற்கும்வரை ஓட வேண்டாம். பிறகு விட்ட வாரத்துக்கு முந்தைய வாரத்திலிருந்து தொடருங்கள். விரல் நுனியால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒரே புள்ளியில் வலி, படுத்திருக்கும்போதும் வலி என்றால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். விலாவில் பிடித்துக்கொள்வது ஆபத்தில்லை, வேகத்தைக் குறைத்து ஆழமாக மூச்சு விட்டால் போய்விடும். பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் விட்டு ஓடினால் அது வருவதும் குறையும். நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டுதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி ஆகியவை வந்தால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், நீண்டநாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முதல் வாரத்தைக்கூடத் தொடங்கக் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை இறங்கிவிடும் அபாயம் உண்டு. ஓடுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பதும், சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருப்பதும் அவர்களுக்கு ஷூ மாதிரிதான்.

என்.எச்.எஸ். வடிவம் பிரிட்டனின் குளிருக்குப் பழகிய மக்களை மனதில் வைத்துச் செய்தது. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் தமிழர்களுக்கு அது அப்படியே பொருந்தும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓடுகிறவர்கள் வெயிலையும் புழுக்கத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சென்னையில் மே மாத விடியலில்கூட 28 டிகிரிக்குக் குறையாத நாட்கள் உண்டு. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. காய்ந்தால்தான் உடல் குளிரும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக அடிக்கும். புழுக்கத்துக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும், அதுவரை வேகத்தை இன்னும் குறையுங்கள். கோடையில் புதிதாகத் தொடங்குவதானால் காலை ஆறரை மணிக்குள் முடியும்படி வையுங்கள். அதைவிட, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ தொடங்கினால் ஒன்பது வாரமும் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கிறவர்களுக்கு நம் பருவநிலை இந்த ஒரு விஷயத்தில் துணை நிற்கிறது. அரை மணி நேர ஓட்டத்துக்கு விளையாட்டுப் பானம் எதுவும் தேவையில்லை. முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், வந்ததும் தாகத்துக்கு ஏற்பத் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ போதும்.

இடம் தேர்வதும் பாதி வெற்றி. பள்ளி மைதானம், விளையாட்டரங்கத் தடம், கடற்கரைச் சாலை எதுவானாலும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் என்றால் மழை பெய்த மறுநாளே போகத் தோன்றாது. கோவை ரேஸ்கோர்ஸ் மாதிரி சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்று பக்கத்திலேயே அமைந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், இரண்டு சுற்று முடித்தால் 5 கிலோமீட்டர். சாலையோரம் ஓடும்போது விளிம்புச் சரிவில் ஒரே பக்கமாக ஓடாதீர்கள், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுந்தால் இடுப்பும் முழங்காலும் வலிக்கும். தெருநாய் உள்ள இடத்தில் ஓட்டத்தை நிறுத்தி நடந்து தாண்டுவது நல்லது. அந்த விநாடிகளை யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை.

ஒரு வாரத்தை முடிக்க முடியவில்லை என்றால் அதே வாரத்தை மறுபடி ஓடலாம். திட்டமே இதை அனுமதிக்கிறது. ஒன்பது வாரம் பன்னிரண்டாவதால் குடி முழுகிவிடாது. காய்ச்சல், ஊர்ப்பயணம், கல்யாணம் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்துக்கு ஒரு வாரம் பின்னாலிருந்து தொடங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் இரண்டு வாரம் பின்னால் போங்கள்.

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். ஒன்பதாம் வாரம் முடிகிறபோது நீங்கள் ஓடுவது 30 நிமிடம், பெரும்பாலும் 5 கிலோமீட்டர் ஆகாது. அரை மணியில் 5 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், புதியவர்களுக்கு அது நல்ல வேகம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுப்பவர் அரை மணியில் 3.75 கிலோமீட்டர்தான் போவார். இதைத் தெரியாமல் கடைசி நாளில் தூரம் பார்த்து மனம் உடைகிறவர்கள் உண்டு. உடையத் தேவையே இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடத் தீவிர உழைப்பு. ஓட்டம் தீவிர உழைப்பில் சேரும், மூன்று அரை மணி ஓட்டம் 90 நிமிடம். உடல்நலத்துக்கு வேண்டியது கைக்கு வந்துவிட்டது, 5 என்ற எண் பெயரில் மட்டும் இருக்கிறது.

திட்டம் உண்மையில் கைவிடுவது இதற்கு அடுத்த திங்கட்கிழமை. 27 ஓட்டத்துக்கும் அட்டவணை சொன்னது, 28-ஆவது ஓட்டம் அந்த அட்டவணையில் இல்லை. “இன்று எவ்வளவு?” என்ற பழைய கேள்வி திரும்பி வருகிறது. ஒன்பது வாரம் ஓடியாயிற்றே, பழக்கமாகியிருக்காதா என்றால், கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் 18 நாளிலிருந்து 254 நாள் வரை அது மாறியது. அவர்கள் செய்ததோ தினசரிச் செயல். இங்கே 63 நாளில் நீங்கள் செய்தது 27 முறைதான். ஓட்டம் இன்னும் பழக்கமாகவில்லை, பாதி வழியில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு: ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குலைந்துபோகவில்லை.

ஆகவே எட்டாம் வாரத்திலேயே அடுத்த ஒன்பது வாரத்தையும் காகிதத்தில் எழுதிவிடுங்கள். எடுத்துக்காட்டாக: செவ்வாய் 25 நிமிடம், வியாழன் 25 நிமிடம், ஞாயிறு 30 நிமிடம். ஞாயிறை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 3 நிமிடம் கூட்டுங்கள். செவ்வாயையும் வியாழனையும் கூட்டவே வேண்டாம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் ஓடுகிறவர் ஞாயிறு 40 நிமிடம் தொடும்போது 5 கிலோமீட்டரும் வந்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் நேரத்தை மணியாக எழுதாமல் செயலோடு கட்டுங்கள்: “பால் காய்ச்சி வைத்ததும் ஷூ”, “பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றியதும் அப்படியே மைதானம்”. மணி நகரும், பால் காய்ச்சுவது நகராது. மழைநாளுக்கான மாற்றையும் அங்கேயே எழுதுங்கள், மொட்டைமாடியில் 10 நிமிடமோ படிக்கட்டு ஏறி இறங்குவதோ எதுவானாலும் சரி. நிமிடம் குறைந்தாலும் நாள் தவறக் கூடாது.

பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தாவது வாரத்துக்கு ஆயத்தமாகவே ஒரு வழி இருக்கிறது, பார்க்ரன். 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹூவிட் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கியது. இப்போது சனிக்கிழமைதோறும் பல நாடுகளில் நடக்கிறது. இலவசம், 5 கிலோமீட்டர், ஒருமுறை பதிவு செய்து பார்கோடு எடுத்துக்கொண்டால் போதும். நடந்தே முடிப்பவர்களும் வருகிறார்கள். எல்லோருக்கும் கடைசியாக வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பதால் கடைசி ஆளாகிவிடுவோமோ என்ற கூச்சமும் வேண்டாம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கும் இது கிடைக்கிறது. பக்கத்தில் அப்படி ஒன்று இல்லாத ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமையை ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்து நிறுத்திக்கொண்டால் அதே வேலை நடக்கும். நான்கு பேராக இருந்தால் இன்னும் நல்லது, ஒருவர் ஊருக்குப் போனாலும் மூவர் மிச்சம்.